மூன்று நிமிடம்

நகராட்சி அனுப்பிய தாளில் இருந்தது:
பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம்.
அதன்பின் ஒலிவாங்கி தானாக அணையும்.

மூன்று நிமிடம் எவ்வளவு என்று
எனக்குத் தெரியாமல் இல்லை.
கலீசியக் கழிமுகத்தில் கடல் வற்றியதும் குனிந்தால்
மூன்று நிமிடத்தில் நாற்பது மட்டி பொறுக்குவேன்,
சேறு இளகியிருந்தால் ஐம்பது.
பேச்சுக்குத்தான் அளவு பிடிபடவில்லை.

முதலில் எழுதியது ஏழு பக்கம்.
அதில் கடல் அன்னையாக இருந்தது,
கழிவுக் குழாய் பாம்பாக இருந்தது,
மாண்புமிகு பதினோரு இடத்தில் இருந்தது.
மீன் வேன் ஓட்டும் எர்மித்தாஸ்
ஸ்டியரிங்மேல் விரித்துப் படித்துவிட்டு
"இதில் நீ எங்கே, தோசிந்தா?" என்றாள்.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் பாம்பை அடித்தேன்.
அன்னையை அடிக்கக் கை வரவில்லை,
அடைப்புக்குறிக்குள் போட்டுவைத்தேன்.
பிறகு அதையும்.

மட்டியை வளையத்தில் போட்டுப் பார்ப்போம்,
நழுவி விழுந்தால் சிறிசு, திரும்பக் கடலுக்கு.
வரிகளையும் அப்படிப் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது.

வாளிக்குச் சொன்னேன்.
குளியலறைக் கண்ணாடிக்குச் சொன்னபோது
என் வாய் கோணுவதைப் பார்த்துப் பேச்சு நின்றது.
முட்டை அவிக்கும் கடிகாரத்துக்குச் சொன்னேன்:
நான்கு நிமிடம் பத்து வினாடி.
வேகமாகச் சொன்னால் மூன்றுக்குள் வந்தது,
ஆனால் பொய் சொல்வதுபோல் இருந்தது.

அன்று மழை. மண்டபமெங்கும் நனைந்த கம்பளி நாற்றம்.
எனக்கு முன் ஆறு பேர்.
ஐந்தாவது ஆள் குழாய் நிறுவனத்தின் வழக்கறிஞர்,
வெண்ணெய் தடவிய குரல்.
ஆறாவது, பள்ளி ஆசிரியர் குமெர்சிந்தோ, எங்கள் பக்கத்து ஆள்.
எழுந்து என் முதல் வரியைச் சொன்னார்.
திருடவில்லை. ஒரே அறிக்கை, ஒரே எண்:
முன்பு நாளுக்கு இரண்டாயிரத்து நூறு கிலோ,
இப்போது முந்நூறு.
என் இரண்டாம் வரியையும் அவரே சொல்லிக்
கைதட்டல் வாங்கினார்.

என் தாளை மடித்தேன். மடித்ததை மறுபடி மடித்தேன்.
ஒலிவாங்கி அவர் உயரத்தில் நின்றது,
இறக்கினேன், கிறீச்சிட்டது.
"தோசிந்தா ரொமாய். உரிமம் முப்பத்தொன்று.
எண்களைக் குமெர்சிந்தோ சொல்லிவிட்டார், அவை சரி.
நான் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

விடியுமுன் பதினான்கு பேர் இறங்கினோம்.
தோண்டிய இடமெல்லாம் மட்டி, வாய் திறந்தபடி.
உயிருள்ளது தொட்டால் மூடிக்கொள்ளும்.
ஓவிதியா ஒவ்வொன்றாகத் தட்டினாள்,
யாரோ உள்ளே இருக்கிற கதவைத் தட்டுவதுபோல.
வெறும் வாளியோடு கரை ஏறினோம்.
எடைபோடுகிறவன் பழக்கதோஷத்தில்
என் வாளியைத் தராசில் வைத்தான்.
வாளியின் எடையைப் படித்துச் சொன்னான்.
அவ்வளவுதான்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"இன்னும் ஐம்பது வினாடி இருக்கிறது, அம்மா."

என்னிடம் அடுத்த வரி இல்லை.
போய் உட்கார்ந்திருக்கலாம்.
சேற்றில் முப்பது வருஷம் கெட்ட முழங்கால்,
நின்றால் உடனே மடங்காது.
அதனால் நின்றேன்.
கூரையில் மழை கேட்டது.
வழக்கறிஞர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
யாரோ இருமத் தொடங்கி விழுங்கிக்கொண்டார்.
பிறகு ஒலிவாங்கி அணைந்தது,
டக் என்று, மட்டி மூடுகிற சத்தம்.

அதுதான் பேச்சிலேயே நல்ல இடம் என்றாள் எர்மித்தாஸ்.
நான் திட்டம் போட்டுச் செய்ததாக நினைத்திருக்கிறாள்.
மறுக்கவில்லை.

முடிவை வியாழனுக்குத் தள்ளிவைத்தார்கள்.
பாதி வழியில் நினைவு வந்தது,
நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.
ஏழு பக்கத்திலும் இருந்தது, ஒன்றரையிலும் இருந்தது.
எர்மித்தாஸ் வைப்பரைத் தட்டிவிட்டாள்.
"வியாழக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்," என்றாள்.